1861 இத்தாலிய நாடாளுமன்றத் தேர்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இத்தாலியின் ஒருங்கிணைப்பைப் பற்றிப் படிக்கும் மாணவர்கள் சார்டினியா அரசின் பிரதமர் கவூரையும், தொண்டர் படையோடு தெற்கை வென்ற கரிபால்டியையும், பாரதியார் வழியாகத் தமிழர்களுக்கு நெருக்கமான புரட்சியாளர் மாஜினியையும் நன்கு அறிவார்கள். ஆனால் அந்த ஒருங்கிணைப்பின் முடிவில் நடந்த முதல் நாடாளுமன்றத் தேர்தலைப் பாடநூல்கள் பெரும்பாலும் ஒரே வரியில் கடந்துவிடுகின்றன. இந்த நாடு வேண்டுமா என்று மக்கள் அனைவரிடமும் கேட்டவர்கள், அதை ஆள்வது யார் என்ற கேள்வியை மிகச் சிலரிடம் மட்டுமே கேட்டது ஏன் என்பதைப் புரிந்துகொள்ள அந்த ஒரு வரியை விரித்துப் பார்த்தே ஆகவேண்டும்.

இந்தத் தேர்தல் எந்தச் சூழலில் நடந்தது?

முதல் சுற்று 1861 ஜனவரி 27ஆம் நாளிலும், இரண்டாம் சுற்று பிப்ரவரி 3ஆம் நாளிலும் நடைபெற்றன, இரண்டுமே ஞாயிற்றுக்கிழமைகள். அப்போது இத்தாலி அரசு என்ற பெயர் சட்டப்படி பிறந்திருக்கவில்லை. தூரினைத் தலைநகராகக் கொண்ட சார்டினியா அரசு, 1859 போரின் பயனாக லொம்பார்டியையும், 1860இல் தஸ்கனி, எமிலியா, நேப்பிள்ஸ், சிசிலி, மார்க்கே, உம்ப்ரியா ஆகியவற்றையும் தன்னோடு இணைத்துக்கொண்டிருந்தது. வெனிஸ் ஆஸ்திரியாவின் கையிலும் ரோம் போப்பாண்டவரின் கையிலும் இருந்தன. எனவே அவ்விரு பகுதிகளிலும் தேர்தல் நடக்கவில்லை.

போர் முற்றிலும் ஓய்ந்துவிடவுமில்லை. நேப்பிள்ஸின் மன்னர் இரண்டாம் பிரான்சிஸ் காயெத்தா கோட்டையில் முற்றுகைக்குள் இருந்தபடி இன்னும் எதிர்த்துக்கொண்டிருந்தார். வாக்காளர்கள் சீட்டில் பெயர் எழுதிய அந்த இரண்டு ஞாயிறுகளிலும் காயெத்தா வீழவில்லை. இரண்டாம் சுற்று முடிந்து பத்து நாள்கள் கழித்து, பிப்ரவரி 13ஆம் நாளில்தான் அது சரணடைந்தது. மெஸ்ஸினாவின் கோட்டையும் சிவித்தெல்லா தெல் த்ரோந்தோவும் மார்ச் வரை தாக்குப்பிடித்தன. தெற்கு இத்தாலியில் இந்தத் தேர்தல், பழைய மன்னரின் கொடி முற்றிலும் இறங்கும் முன்பே புதிய மன்னரின் பெயரால் நடத்தப்பட்ட தேர்தல் என்பதை மறந்துவிடக் கூடாது.

யாருக்கெல்லாம் வாக்குரிமை இருந்தது?

1848இல் சார்டினியாவில் இயற்றப்பட்டு 1859இல் திருத்தப்பட்ட தேர்தல் சட்டமே புதிதாக இணைந்த எல்லாப் பகுதிகளுக்கும் விரிக்கப்பட்டது. அதன்படி வாக்காளர் ஆணாக இருக்க வேண்டும். 25 வயது நிறைந்திருக்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். பொதுவாக ஆண்டுக்கு 40 லிராவுக்குக் குறையாமல் நேரடி வரி செலுத்த வேண்டும். பட்டம் பெற்றோர், பேராசிரியர், அறிஞர் கழக உறுப்பினர், அரசு அலுவலர் போன்ற சில வகையினருக்கு இந்த வரி நிபந்தனையில் விலக்கு அளிக்கப்பட்டிருந்தது. வணிகர்களும் பட்டறை வைத்திருந்தவர்களும் தங்கள் கடைக்கும் கூடத்துக்கும் கொடுத்த வாடகையின் மதிப்பைக் காட்டிப் பட்டியலில் இடம்பெற முடிந்தது.

இங்கே 'நேரடி' என்ற சொல்லைக் கவனமாகப் படிக்க வேண்டும். நிலவரியும் அதை ஒத்த வரிகளும் மட்டுமே கணக்கில் எடுத்துக்கொள்ளப்பட்டன. உப்பு வாங்கும்போதும் பிற பொருள்கள் வாங்கும்போதும் ஏழைக் குடும்பம் விலையோடு சேர்த்துக் கொடுத்த வரி எவ்வளவு கனமாக இருந்தாலும், அது அக்குடும்பத்தலைவனுக்கு வாக்குரிமையைப் பெற்றுத்தரவில்லை. நிலத்தைக் குத்தகைக்கு உழுதவனின் உழைப்பிலிருந்து விளைந்த நிலவரி, நிலவுடைமையாளரின் பெயரில் பதிவாகி, அவரையே வாக்காளராக்கியது. வரி கட்டுபவனுக்கே வாக்கு என்ற கொள்கை, வரியின் சுமை உண்மையில் யார் தோளில் விழுகிறது என்ற கேள்வியைக் கேட்கவே மறுத்தது.

40 லிரா பெரிய தொகையா?

லிரா அக்காலத்தில் பிரான்ஸின் பிராங்குக்குச் சமமான மதிப்புடையது. ஒரு லிரா வெள்ளிக்காசின் எடை 5 கிராம். ஆகவே 40 லிரா என்பது 200 கிராம் எடையுள்ள வெள்ளிக்காசுகள். அது ஒருவருடைய வருமானம் அன்று, அவர் கட்ட வேண்டிய வரி மட்டுமே என்பதை நினைவில் கொண்டால், அவ்வளவு வரி விதிக்கப்படும் அளவுக்கு எத்தனை பேரிடம் சொத்து இருந்திருக்கும் என்பது விளங்கும். நாள்கூலிக்கு உழைத்தவர்களும் குத்தகை விவசாயிகளும் அந்த எல்லைக்கு அருகில்கூட வர முடியவில்லை.

அதே நேரத்தில் ஓர் உண்மையையும் சொல்லியாக வேண்டும். 1848க்கு முன் பிரான்ஸில் வாக்காளராவதற்கு 200 பிராங்கு வரி தேவைப்பட்டது. அதோடு ஒப்பிட்டால் 1848இல் தூரினில் இச்சட்டத்தை வரைந்தவர்கள் தங்களைத் தாராள மனத்தினர் என்று கருதிக்கொண்டதில் வியப்பில்லை. ஆனால் அதே 1848இல் பிரான்ஸ் எல்லா ஆண்களுக்கும் வாக்குரிமை வழங்கிவிட்டது. 1861இல் இந்தச் சட்டம் பழையதாகிவிட்டிருந்தது.

மொத்தம் எத்தனை வாக்காளர்கள்?

பட்டியலில் இருந்தவர்கள் 4,18,696 பேர். ஏறத்தாழ 2 கோடியே 20 லட்சம் மக்கள் வாழ்ந்த நாட்டில் இது நூற்றுக்கு இரண்டுக்கும் குறைவு. அவர்களிலும் 2,39,583 பேரே வாக்களிக்க வந்தார்கள். அதாவது 57 விழுக்காட்டைச் சற்றே தாண்டிய எண்ணிக்கை. 443 தொகுதிகளுக்கும் பகிர்ந்து பார்த்தால் ஒரு தொகுதிக்குச் சராசரியாக 945 வாக்காளர்களும், வாக்களித்தவர்கள் என்று எடுத்தால் 541 பேரும் வருகிறார்கள். ஒரு பெரிய கல்யாண மண்டபத்துக்குள் அடங்கிவிடக்கூடிய கூட்டம் ஒரு தொகுதியின் விதியை முடிவுசெய்தது.

எழுத்தறிவு நிபந்தனையின் கடுமையையும் இதனுடன் சேர்த்தே எடைபோட வேண்டும். 1861 இறுதியில் எடுக்கப்பட்ட மக்கள்தொகைக் கணக்கின்படி மக்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தெற்கிலும் தீவுகளிலும் நிலைமை இன்னும் மோசம். பள்ளிக்கூடமே இல்லாத ஊர்க்காரனிடம் எழுத்தறிவைக் கேட்பது, கதவைப் பூட்டிவிட்டு ஏன் உள்ளே வரவில்லை என்று கேட்பதற்கு ஒப்பானது.

சில மாதங்களுக்கு முன் எல்லா ஆண்களும் வாக்களித்ததாகப் படித்தேன். அது என்ன?

நீங்கள் படித்தது சரியே. ஆனால் அது தேர்தல் அன்று, இணைப்புக்கான பொதுவாக்கெடுப்பு. இந்த இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கும்போதுதான் 1861இன் உண்மையான முகம் தெரிகிறது.

1860 அக்டோபர் 21ஆம் நாளில் நேப்பிள்ஸ் பகுதியிலும் சிசிலியிலும் 21 வயது நிறைந்த ஆண்கள் அனைவரும் அழைக்கப்பட்டார்கள். சொத்து வேண்டியதில்லை, வரி வேண்டியதில்லை, எழுத்தும் வேண்டியதில்லை. சார்டினியா மன்னர் விக்டர் இம்மானுவேலின் கீழ் ஒன்றுபட்ட, பிளவுபடாத இத்தாலி வேண்டுமா என்ற ஒரே கேள்விக்கு ஆம் அல்லது இல்லை என்று விடை சொல்ல வேண்டும். நேப்பிள்ஸ் பகுதியில் 13,02,064 பேர் ஆம் என்றார்கள், 10,312 பேர் இல்லை என்றார்கள். சிசிலியில் ஆம் 4,32,053, இல்லை வெறும் 667.

இந்த எண்களை அப்படியே மக்களின் மனமாக எடுத்துக்கொள்ள முடியாது. ஆம் சீட்டுகளுக்கு ஒரு பெட்டி, இல்லை சீட்டுகளுக்கு ஒரு பெட்டி என்று எல்லோர் கண்முன்னும் வைக்கப்பட்டிருந்த இடத்தில், வாக்களிப்பவன் எந்தப் பெட்டிக்குள் கைவிடுகிறான் என்பதை ஊரின் பெரியவர்களும் படைவீரர்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆயினும் ஒன்று உறுதி: அன்று தெற்கின் உழவன் தன் நாட்டைப் பற்றிக் கருத்துச் சொல்லத் தகுதியுள்ளவனாக மதிக்கப்பட்டான்.

தெற்கிலும் சிசிலியிலும் அன்று ஆம் என்றவர்களின் கூட்டுத்தொகை 17,34,117. மூன்று மாதங்கள் கழித்து நாடு முழுவதற்குமான வாக்காளர் பட்டியலில் இருந்தவர்களைப் போல அது நான்கு மடங்குக்கும் மேல். அக்டோபரில் ஆம் என்று சொல்லத் தெரிந்தவனுக்கு ஜனவரியில் பெயர் சொல்லத் தெரியாது என்று எந்த நியாயத்தின்படி முடிவுசெய்தார்கள்? அன்றைய மிதவாதிகளின் விடை இதுதான்: இணைப்பு நாட்டின் சார்பில் ஒருமுறை தெரிவிக்கப்படும் ஒப்புதல், அதற்கு எண்ணிக்கை வேண்டும், நாடாளுமன்றமோ அன்றாட ஆட்சிக்குரிய பணி, அதற்குச் சொத்தும் கல்வியும் தரும் தன்னுரிமை வேண்டும். ஏழையின் வாக்கு நிலவுடைமையாளரின் வாக்காகவோ பாதிரியாரின் வாக்காகவோதான் மாறும் என்று அவர்கள் மெய்யாகவே அஞ்சினார்கள். அந்த அச்சத்துக்கு அடிப்படையே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதே ஏழையின் அதே வாக்கு, இணைப்புக்கு ஆம் என்று விழுந்தபோது யாரும் அதைச் சந்தேகிக்கவில்லை.

வாக்குப்பதிவு எப்படி நடந்தது?

இன்றைய வாக்குச்சாவடியைப் போல நாள் முழுவதும் வந்து போகும் முறை அன்று இல்லை. தொகுதியின் தலைமை ஊரிலோ பிரிவுகளுக்குக் குறிக்கப்பட்ட ஊர்களிலோ வாக்காளர்கள் ஓர் அவையாகக் கூடினார்கள். முதலில் அந்த அவை தனக்குரிய தலைவரையும் வாக்கு எண்ணுவோரையும் தானே தேர்ந்தெடுத்தது. பிறகு தலைவர் ஒவ்வொருவர் பெயராக அழைத்து ஒரு வெற்றுச் சீட்டைக் கொடுப்பார். வாக்காளர் தனியாக வைக்கப்பட்டிருந்த மேசைக்குச் சென்று, தான் விரும்பும் ஒருவரின் பெயரைத் தன் கையாலேயே எழுதி, மடித்துத் தலைவரிடம் கொடுக்க, அவர் அதைப் பெட்டியில் இடுவார். எண்ணி முடித்தபின், ஆட்சேபம் எழுந்த சீட்டுகளைத் தவிர மற்றவற்றை அவையின் முன்னிலையிலேயே எரித்துவிடுவார்கள்.

சட்டப்படி இது மறைவான வாக்கு. ஆனால் சில நூறு பேர் மட்டுமே உள்ள, ஒருவரையொருவர் கையெழுத்துவரை அறிந்த ஒரு வட்டத்தில் மறைவு எவ்வளவு காக்கப்பட்டிருக்கும் என்பதை நாமே ஊகித்துக்கொள்ளலாம்.

வெற்றி பெற எத்தனை வாக்குகள் வேண்டும்?

ஒரு தொகுதிக்கு ஓர் உறுப்பினர். முதல் சுற்றிலேயே வெல்ல வேண்டுமானால் இரண்டு நிபந்தனைகள் நிறைவேற வேண்டும்: பட்டியலில் உள்ள மொத்த வாக்காளர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேலும், பதிவான வாக்குகளில் பாதிக்கு மேலும் பெற்றிருக்க வேண்டும். இவற்றில் ஒன்று தவறினாலும் முதலிரு இடங்களைப் பிடித்தவர்கள் இரண்டாம் சுற்றில் மோதுவார்கள். அதில் கூடுதல் வாக்கு பெற்றவர் வெற்றி பெறுவார்.

வேட்பாளர்களும் கட்சிகளும் எப்படி இருந்தார்கள்?

வேட்புமனு என்ற ஒன்றே இல்லை. 30 வயது நிறைந்து, சட்டம் விலக்காத எவருடைய பெயரையும் வாக்காளர் எழுதலாம். அதனால் ஒருவரே பல தொகுதிகளில் வெல்வது இயல்பாக நடந்தது. நேப்பிள்ஸை ஆண்ட பூர்பன் அரச மரபின் கடைசி அமைச்சரவையில் உள்துறையைக் கவனித்து, பின் கரிபால்டியை வரவேற்ற லிபோரியோ ரொமானோ தெற்கின் பல தொகுதிகளில் ஒரே நேரத்தில் தேர்ந்தெடுக்கப்பட்டார். இவ்வாறு வென்றவர் ஒரு தொகுதியை மட்டும் வைத்துக்கொள்ள, மற்றவற்றில் மீண்டும் தேர்தல் நடக்கும்.

உறுப்பினர் அட்டை, கொடி, தேர்தல் அறிக்கை ஆகியவற்றைக் கொண்ட கட்சிகள் அப்போது இல்லை. கவூரை ஆதரித்த மிதவாதிகள் வலதுசாரி என்றும், கரிபால்டியையும் மாஜினியின் மரபையும் சார்ந்தவர்கள் இடதுசாரி என்றும் அழைக்கப்பட்டனர். இவை மன்றத்தில் அமர்ந்த இடத்தையும் மனச்சாய்வையும் குறித்த பெயர்களே. கட்சிவாரி இடங்களின் எண்ணிக்கை நூலுக்கு நூல் மாறுவதற்கு இதுவே காரணம்.

இசையமைப்பாளர் ஜுசெப்பே வெர்தியின் கதை இந்த முறையை நன்றாக விளக்கும். அவருக்கு அரசியலில் நாட்டமில்லை. ஒருங்கிணைப்பின் அடையாளமாகவே மக்கள் மதித்த அவர் முதல் நாடாளுமன்றத்தில் இருந்தாக வேண்டும் என்று கவூரே வற்புறுத்தினார். வெர்தி இணங்கி, போர்கோ சான் தொன்னினோ தொகுதியில் இரண்டாம் சுற்றில் வென்றார். கவூர் மறைந்தபின் வெர்தியின் ஈடுபாடும் மங்கிவிட்டது. உறுப்பினர்களுக்கு ஊதியம் கிடையாது என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ள வேண்டும். சிசிலியிலிருந்து தூரினுக்குப் போய், மாதக்கணக்கில் தங்கி, சொந்தச் செலவில் சட்டம் இயற்ற யாரால் முடிந்திருக்கும்? சட்டம் வாக்காளரை வரியால் வடிகட்டியது போல, உறுப்பினரைச் செலவால் வடிகட்டியது. இந்த நிலை 1912 வரை நீடித்தது.

கத்தோலிக்கத் திருச்சபை என்ன நிலை எடுத்தது?

போப்பாண்டவரின் ஆட்சிப்பகுதிகளைப் பறித்த அரசின் தேர்தலில் பங்கெடுப்பது பாவத்துக்குத் துணைபோவது என்று பல பக்தர்கள் எண்ணினார்கள். தூரினிலிருந்து வெளிவந்த ஆர்மோனியா இதழில் ஜாக்கோமோ மார்கோத்தி என்ற பாதிரியார், தேர்தலுக்கு ஏறத்தாழ இருபது நாள்கள் முன்பு, தேர்ந்தெடுக்கவும் வேண்டாம், தேர்ந்தெடுக்கப்படவும் வேண்டாம் என்ற முழக்கத்தை வெளியிட்டார். வாக்களிக்க வராத 43 விழுக்காட்டில் ஒரு பகுதிக்கு இதுவும் காரணம். இதனால் தகுதியுள்ள சிறு வட்டத்துக்குள்ளும் ஒரு பிரிவு தானாகவே ஒதுங்கிக்கொண்டது.

அரசு தேர்தலில் தலையிட்டதா?

தலையிட்டது. அதை அக்கால அரசியலர்கள் பெரிதாக மறைக்கவும் இல்லை. எந்தத் தொகுதியில் யார் வெல்வது நல்லது என்பதைக் கவூர் கடிதங்கள் வழியாகக் கவனித்துக்கொண்டார். சில நூறு வாக்குகள் போதும் என்ற நிலையில் ஓர் அதிகாரியின் சொல்லுக்குப் பெரும் எடை இருந்தது. எனினும் கவூருக்குச் சேர வேண்டிய பெருமையைக் குறைக்கக் கூடாது. குழப்பம் நிறைந்த தெற்கைச் சிறிது காலம் சர்வாதிகார முறையில் ஆளலாம் என்று ஆலோசனை கூறப்பட்டபோது, நாடாளுமன்றத்தைக் கூட்டியே ஆள்வேன் என்று அவர் உறுதியாக நின்றார்.

சம்பளம் பெறும் அரசு அலுவலர்கள் மன்றத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற வரம்பும் இருந்தது. தேர்தல் செல்லுமா செல்லாதா என்பதை மன்றமே தீர்மானித்தது. இந்த அதிகாரம் இரு முனையும் கூரான கத்தி. பின்னர் 1866இல் மெஸ்ஸினா வாக்காளர்கள் மாஜினியைத் தேர்ந்தெடுத்தபோது, அவர்மீது மரண தண்டனை நிலுவையில் இருப்பதைக் காட்டி மன்றம் அந்த வெற்றியைச் செல்லாததாக்கியது.

பெண்களுக்கு எந்தப் பங்கும் இல்லையா?

வாக்கு இல்லை, ஆனால் அவர்களுடைய வரி இருந்தது. மனைவி கட்டிய வரி கணவனின் கணக்கில் சேர்க்கப்பட்டது. கைம்பெண் தான் கட்டிய வரியைத் தன் மகன், மருமகன் ஆகியோரில் ஒருவருக்குக் குறித்துக்கொடுத்து அவரை வாக்காளராக்கலாம். ஒருத்தியின் சொத்து வாக்குக்குத் தகுதி தரும், அந்தச் சொத்துக்கு உரியவளுக்கு மட்டும் தகுதி தராது என்று சட்டமே எழுத்தில் ஒப்புக்கொண்டது. லொம்பார்டியில் ஆஸ்திரிய ஆட்சியின்போது சொத்துள்ள பெண்கள் பதிலாள் வழியாக உள்ளாட்சித் தேர்தலில் வாக்களித்துவந்தார்கள். விடுதலை பெற்ற இத்தாலி அந்த உரிமையையும் நீக்கிவிட்டது. அதைத் திருப்பிக் கேட்டு அவர்கள் 1861இல் மன்றத்துக்கு விண்ணப்பம் அனுப்பினார்கள். பயனில்லை.

தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் என்ன செய்தது?

கவூரின் ஆதரவாளர்கள் பெரும்பான்மை பெற்றார்கள். பிப்ரவரி 18ஆம் நாளில் தூரினின் கரிஞானோ மாளிகையில் மன்றம் கூடியது. பழைய அவைக்கூடத்தில் 443 பேருக்கு இடமில்லாததால் முற்றத்தில் ஒரு தற்காலிகக் கூடம் எழுப்பப்பட்டது. மன்னரால் ஆயுள்கால உறுப்பினர்களாக நியமிக்கப்பட்ட செனட்டும் கீழவையும் ஒப்புதல் அளித்தபின், மார்ச் 17ஆம் நாளில் விக்டர் இம்மானுவேல் இத்தாலியின் மன்னர் என்ற பட்டம் சட்டமானது. மார்ச் 27இல் ரோமே தலைநகராக வேண்டும் என்று கீழவை தீர்மானித்தது. ஏப்ரல் 18ஆம் நாளில், நேப்பிள்ஸின் பிரதிநிதியாக வந்திருந்த கரிபால்டி தன் செஞ்சட்டையோடு எழுந்து, தன் தொண்டர் படை நடத்தப்பட்ட விதத்தைக் கண்டித்துக் கவூர்மீது நேருக்கு நேர் குற்றம் சாட்டினார். ஜூன் 6ஆம் நாளில் கவூர் இறந்துபோனார்.

வாக்கு இல்லாதவர்களை இது எப்படிப் பாதித்தது?

மிக வெளிப்படையான சான்று, பின்வந்த மன்றம் இதே சட்டத்தின் கீழ் தேர்ந்தெடுக்கப்பட்டு 1868இல் விதித்த மாவரைப்பு வரி. ஆலையில் தானியம் அரைக்கும் ஒவ்வொருவரும் அதைக் கட்ட வேண்டும். ரொட்டியும் பொலெந்தா என்ற சோளக்களியும் உண்டு வாழ்ந்த ஏழைகளே அதன் சுமையைத் தாங்கினார்கள். 1869 ஜனவரியில் அது நடைமுறைக்கு வந்தவுடன் எமிலியாவிலும் பிற இடங்களிலும் கலகங்கள் வெடித்து, ஏறத்தாழ 250 பேர் உயிரிழந்தார்கள். இந்த வரியை வாக்களித்து நிறைவேற்றியவர்களைத் தேர்ந்தெடுத்ததில் அவர்களுக்குப் பங்கில்லை. அது மறைமுக வரி என்பதால், எவ்வளவு கட்டினாலும் அது அவர்களை வாக்காளராக்கவும் இல்லை.

இந்த வரம்புகள் எப்போது தளர்ந்தன?

1882இல் வயது 21ஆகக் குறைந்தது. வரி வரம்பு 19.80 லிராவாக இறங்கியது. தொடக்கப் பள்ளியின் முதல் கட்டத்தை முடித்திருந்தாலும் போதும் என்று ஆனது. வாக்காளர்கள் ஏறத்தாழ 20 லட்சமாக உயர்ந்தார்கள். 1912இல் பிரதமர் ஜோலித்தியின் சட்டம் 30 வயது நிறைந்த ஆண்கள் எல்லோரையும், எழுத்தறியாதவர்களையும் சேர்த்தே, பட்டியலுக்குள் கொண்டுவந்தது. பெண்கள் நாடு தழுவிய வாக்கெடுப்பில் முதன்முதலாகப் பங்கேற்றது 1946 ஜூன் 2ஆம் நாளில். அன்று இத்தாலியர்கள் முடியாட்சியை நீக்கிக் குடியரசைத் தேர்ந்தார்கள்.

சில நூல்கள் 1861 நாடாளுமன்றத்தை எட்டாவது என்று குறிப்பிடுகின்றன. இது அச்சுப்பிழையா?

பிழையன்று. 1848 முதல் சார்டினியாவில் அமைந்த நாடாளுமன்றங்களின் வரிசையே முறியாமல் தொடரப்பட்டது. எனவே இத்தாலியின் முதல் நாடாளுமன்றம் சட்ட ஏடுகளில் எட்டாவது. சார்டினியாவின் இரண்டாம் விக்டர் இம்மானுவேல் இத்தாலியின் முதல் மன்னரானபோதும் முதலாம் விக்டர் இம்மானுவேல் என்று தன்னை அழைத்துக்கொள்ளவில்லை, இரண்டாமவராகவே தொடர்ந்தார். 1848 மார்ச்சில் சார்டினியாவின் அப்போதைய மன்னர் சார்லஸ் ஆல்பர்ட் தன் குடிகளுக்கு அளித்த அரசமைப்புச் சாசனமும் அப்படியே புதிய நாட்டின் சாசனமாயிற்று. அக்டோபர் பொதுவாக்கெடுப்பில் ஆம் என்ற தெற்கத்தியர்களின் சீட்டில் இந்தச் சாசனத்தைப் பற்றியோ தேர்தல் சட்டத்தைப் பற்றியோ எந்தக் கேள்வியும் இருக்கவில்லை.